கோதுமை வாரியம் இருக்கட்டுமா, போகட்டுமா? கனடா விவசாயியின் கையில் ஓர் ஓட்டுச்சீட்டு

2011 கோடையில் மேற்குக் கனடாவின் சுமார் 68,000 விவசாயிகளுக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே ஓட்டுச்சீட்டு. கோதுமைக்கு ஒரு கேள்வி, பார்லிக்கு ஒரு கேள்வி. விளைந்ததைக் கனடா கோதுமை வாரியத்துக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற கட்டாயம் தொடரட்டுமா, வேண்டாமா?

வாக்கெடுப்பை நடத்தியது வாரியமே. அந்த மே மாதம்தான் பெரும்பான்மையோடு ஜெயித்திருந்த பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு, முடிவு என்னவானாலும் கட்டாயத்தை எடுத்துவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. எண்ணுவார்கள், மதிக்கமாட்டார்கள் என்று தெரிந்தே போட்ட ஓட்டு அது. அப்படியும் 56 சதவீதம் பேர் சீட்டைத் திருப்பி அனுப்பினார்கள். கோதுமையில் 62 சதவீதம் பேர் கட்டாயம் தொடரட்டும் என்றார்கள். பார்லியில் 51 சதவீதம்.

அந்த உறை என் வீட்டுக்கு வந்திருந்தால் எதில் டிக் போட்டிருப்பேன்? டெல்லி எல்லையில் 2020 குளிரில் விவசாயிகள் உட்கார்ந்ததைப் பார்த்தபோது தொடங்கிய யோசனை. இரண்டும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் நெல் அறுத்தவர் அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கும் கொண்டுபோகலாம், களத்துக்கே வரும் வியாபாரிக்கும் போடலாம். கனடாவின் சமவெளி மாகாணங்களில் 2012 வரை அந்தத் தேர்வு கிடையாது. மனிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாவின் பீஸ் ஆற்றுப் பகுதி ஆகிய இடங்களில் விளைந்த கோதுமை ஏற்றுமதிக்கோ உள்நாட்டில் மனிதர் சாப்பிடவோ போவதாக இருந்தால், 1943 முதல் வாங்குபவர் ஒருவர்தான். அவருடைய ஆபீஸ் வின்னிபெக்கில் இருந்தது. ஒன்டாரியோ விவசாயிக்கு இந்தக் கட்டு இல்லை. இந்த வித்தியாசமே ஆல்பர்ட்டாக்காரர்களுக்குப் பாதி எரிச்சல்.

ஒரு லோடு கோதுமை

செப்டம்பரில் அறுப்பு. லாரியில் கோதுமையை ஏற்றிக்கொண்டு 50, 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எலிவேட்டருக்குப் போகிறார் விவசாயி. எலிவேட்டர் என்றால் மாடிக்கு ஏற்றும் லிஃப்ட் இல்லை. ரயில் பாதையை ஒட்டி நிற்கும் உயரமான தானியக் கிடங்கு. எடைமேடையில் லாரி ஏறுகிறது. மாதிரி எடுத்து ஈரப்பதமும் புரதமும் பார்க்கிறார்கள். வாரியம் கொடுத்த பர்மிட் புத்தகத்தில் அளவு பதிவாகிறது. இவ்வளவுதான் இப்போது கொண்டுவரலாம் என்று வாரியம் அழைப்பு விட்டிருக்கும், அதற்கு மேல் இறக்க முடியாது.

கையில் கிடைப்பது முதல் தவணை. வருடம் முழுக்க என்ன விலை போகும் என்று வாரியம் மதிப்பிட்டு, அதில் ஒரு பங்கைத்தான் முதலில் கொடுக்கும். அதிலும் ரயில் கூலியும் கிடங்குக் கூலியும் கழியும். சந்தை நன்றாக இருந்தால் இடையில் கூடுதல் தவணைகள் வரும். பயிர் வருடம் ஜூலை 31-இல் முடிந்து, எல்லாக் கணக்கும் பார்த்துக் கடைசிக் காசோலை வர அடுத்த குளிர்காலம் ஆகிவிடும். அதாவது அறுத்து 15, 16 மாதம். செப்டம்பரில் போட்டவருக்கும் மே மாதம் போட்டவருக்கும் ஒரே தரத்துக்கு ஒரே சராசரி விலை. இதைத்தான் பூல் என்பார்கள், கூட்டுக் கணக்கு.

முதல் தவணைக்கு மத்திய அரசின் உத்தரவாதம் உண்டு. விற்ற பணம் அதைவிடக் குறைந்தால் பள்ளத்தை அரசு நிரப்பும், விவசாயியிடம் திருப்பிக் கேட்காது. 1990-91 கோதுமைக் கணக்கில் அப்படித்தான் நடந்தது.

இது யாருக்குப் பிடிக்கும், யாருக்குக் கசக்கும் என்பது இங்கேயே தெரிந்துவிடும். விலையைப் பற்றி இரவில் யோசிக்காமல் தூங்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. நவம்பரில் வங்கித் தவணை கட்ட வேண்டியவருக்கு, தன் காசு வின்னிபெக்கில் 15 மாதம் கிடப்பது எரிச்சல்தான்.

கட்டாயத்தை எடுக்கச் சொன்னவர்களின் வாதம்

அவர்களுடைய வலுவான வாதம் விலை பற்றியதே இல்லை. எண்ணெய் வித்தான கனோலா பற்றியது. 2011-இல் சஸ்காட்செவனில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 1,668 ஏக்கர். அதில் கோதுமையோடு கனோலா, பருப்பு வகைகள், ஓட்ஸ் எல்லாம் இருக்கும். கனோலாவையும் மைசூர்ப் பருப்பையும் அந்த விவசாயி தானேதான் விற்கிறார். போனில் விலை கேட்கிறார், பொறுத்துப் பார்க்கிறார், ஒப்பந்தம் போடுகிறார். ஓட்ஸ் 1989-லேயே வாரியத்தின் கையிலிருந்து போய்விட்டது, ஓட்ஸ் விவசாயி தெருவுக்கு வந்துவிடவில்லை. கனோலா விற்கத் தெரிந்தவனுக்குக் கோதுமை விற்கத் தெரியாதா என்று அவர்கள் கேட்டபோது எதிர்த்தரப்பிடம் பளிச்சென்ற பதில் இல்லை.

அடுத்தது எல்லை. அமெரிக்க எல்லையான 49-ஆம் அட்சரேகையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் மொன்டானாவிலோ வடக்கு டகோட்டாவிலோ இருக்கும் அமெரிக்கக் கிடங்குக்கு அரை மணியில் போய்விடலாம். அங்கே விலை அதிகமாக இருக்கும் நாளில் போக முடியாது. போக வேண்டுமானால் தன் கோதுமையை வாரியத்துக்கு விற்றதாக எழுதி, வாரியம் சொல்லும் விலைக்குத் தானே திரும்ப வாங்கி, அப்புறம் எல்லை தாண்ட வேண்டும். தன் களஞ்சியத்தை விட்டு நகராத கோதுமையை விற்று வாங்கும் இந்த வேடிக்கைக்கு ‘பைபேக்’ என்று பெயர். தெற்கு சஸ்காட்செவனின் வெய்பர்ன் பகுதியில் விவசாயிகள் சேர்ந்து தாங்களே பாஸ்தா ஆலை கட்டப் பார்த்தார்கள். சொந்த டியூரம் கோதுமையைச் சொந்த ஆலைக்குக் கொடுக்கவும் அதே சுற்றுவழி. விலக்குக் கேட்டார்கள், வாரியம் தரவில்லை. வாரியத்தின் பக்கம் சாய்ந்த எனக்கே இதை நியாயப்படுத்த வாய் வரவில்லை.

சிலர் சட்டத்தை மீறியே பார்த்தார்கள். உரிமம் இல்லாமல் கோதுமையை எல்லை தாண்டிக் கொண்டுபோய், அபராதம் கட்ட மறுத்து, 2002 அக்டோபர் 31-இல் ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜில் 13 விவசாயிகள் ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் வாரியத்தின் இயக்குநராகவே விவசாயிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர். கோதுமையை விற்றதற்கு ஜெயில் என்ற ஒற்றை வரி, எதிர்ப்பாளர்களுக்குப் பத்து வருடப் பிரசாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

வாரியத்தின் பக்கம்

வாரியம் அரசு ஆபீஸ் என்று நினைத்தால் பாதிதான் சரி. 1998-இல் சட்டம் மாறியபிறகு 15 இயக்குநர்களில் 10 பேரை விவசாயிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். விற்ற பணத்தில் செலவு போக மீதி முழுவதும் விவசாயிக்கே. லாபம் என்று எடுத்துவைத்துக்கொள்ள நடுவில் பங்குதாரர் கிடையாது.

ஒரே விற்பனையாளர் என்பதால் அதிக விலை கிடைத்ததா? 1996-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. வாரியத்துக்காகச் செய்தது, கோதுமையில் டன்னுக்குச் சுமார் 13 டாலர் கூடுதலாகக் கிடைக்கிறது என்றது. ஆல்பர்ட்டா அரசுக்காகச் செய்தது, இந்த ஏற்பாட்டால் விவசாயிக்கு நஷ்டம் என்றது. யார் செலவில் நடந்த ஆய்வு என்று கேட்டாலே முடிவைச் சொல்லிவிடலாம் போல. என் ஊகம், உலக வணிகத்தில் கனடாவின் கை ஓங்கியிருந்த டியூரத்தில் கூடுதல் விலை உண்மையாகவே கிடைத்திருக்கும், சாதாரணக் கோதுமையில் கொஞ்சம், கால்நடைத் தீவன பார்லியில் ஒன்றுமே இருந்திருக்காது.

ஆனால் விலையைவிடப் பெரிய விஷயம் ரயில். சாஸ்கட்டூனிலிருந்து வான்கூவர் துறைமுகம் 1,500 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ராக்கி மலை. ரயில் கம்பெனிகள் இரண்டே இரண்டு, கனடியன் நேஷனல் (சிஎன்), கனடியன் பசிபிக் (சிபி). பெரும்பாலான ஊர்களுக்கு இரண்டில் ஒன்றுதான். 1902-லேயே சின்டலூட்டா என்ற சின்ன ஊரில் விவசாயிகள் சங்கம் சிபி ரயில்வேயின் ஏஜெண்ட் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தது. கிடங்குக்காரர்களுக்கு மட்டும் பெட்டி கொடுத்து, தானே ஏற்றிக்கொள்ள வந்த விவசாயியைக் காத்திருக்க வைத்தார் என்பது புகார். 1996-97 குளிர்காலத்தில் ரயில்கள் காலை வாரியபோது, அவற்றின் மேல் வழக்குத் தொடுத்து இழப்பீடு வாங்கியது வாரியம். தனி விவசாயி ஒருவர் அதைச் செய்திருக்க முடியாது.

கிடங்குகளின் கதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 1930-களில் சமவெளியில் 5,700-க்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் இருந்தன. 2011 வாக்கில் 400-க்கும் கீழே. மரக் கிடங்குகளை இடித்துவிட்டு, பிரதான ரயில் பாதையில் பெரிய கான்கிரீட் கிடங்குகள் கட்டினார்கள். இதே காலத்தில் விவசாயிகளின் சொந்தக் கூட்டுறவுகளும் கைமாறின. சஸ்காட்செவன் வீட் பூல் 1996-இல் பங்குச் சந்தைக்குப் போனது. ஆல்பர்ட்டா, மனிடோபா பூல்கள் 1998-இல் ஒன்றாகி அக்ரிகோர் ஆயின, பிறகு யுனைடெட் கிரெயின் குரோயர்ஸோடு சேர்ந்தன. 2007-இல் எல்லாம் ஒரே குடைக்குள் வந்து வைட்டெரா ஆனது. 2012-இல் கிளென்கோர் அதை வாங்கியது. ஆக, கட்டாயம் எடுக்கப்பட்ட அதே வருடம், தாத்தாக்கள் பங்குப் பணம் போட்டுக் கட்டிய கிடங்குகள் சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் கைக்குப் போயின.

எல்லாருக்கும் பிடித்த நடுவழி

ஓட்டுச்சீட்டில் இல்லாத ஒரு வழி இருந்தது. வாரியமும் இருக்கட்டும், கட்டாயம் மட்டும் போகட்டும். வேண்டியவர் வாரியத்துக்குப் போடட்டும், வேண்டாதவர் வெளியே விற்கட்டும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

2007 மார்ச்சில் அரசே நடத்திய பார்லி வாக்கெடுப்பில் இந்த மூன்றாவது வழி இருந்தது. வாரியத்தின் ஏகபோகம் தொடரட்டும் என்றவர்கள் 37.8 சதவீதம். இரண்டும் இருக்கட்டும் என்றவர்கள் 48.4. வாரியமே வேண்டாம் என்றவர்கள் 13.8. அரசு கடைசி இரண்டையும் கூட்டி, 62 சதவீதம் பேர் ஏகபோகத்துக்கு எதிர் என்றது. எதிர்த்தரப்பு முதல் இரண்டையும் கூட்டி, 86 சதவீதம் பேருக்கு வாரியம் வேண்டும் என்றது. இரண்டு கணக்கும் சரிதான், அதுதான் வேடிக்கை. 2011-இல் வாரியம் சீட்டு அச்சடித்தபோது நடுவழியையே தூக்கிவிட்டது. இரு தரப்புமே தனக்குச் சாதகமான பதில் வரும்படி கேள்வியை வெட்டியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் நடுவழி நிஜமாகவே ஒரு வழியா? இதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. 1923-24-இல் மூன்று மாகாணங்களிலும் விவசாயிகள் தாங்களாகவே சேர்ந்து வீட் பூல்களைத் தொடங்கினார்கள். கட்டாயம் இல்லை, ஒப்பந்தம் மட்டும். 1929-இல் புஷலுக்கு (சுமார் 27 கிலோ) ஒரு டாலர் முன்பணம் கொடுத்தார்கள். சந்தை சரிந்து விலை அதற்குக் கீழே போனது, விற்பனைக் கூட்டுறவு விழுந்தது. 1935-இல் பென்னட் அரசு கோதுமை வாரியத்தை உருவாக்கியபோது, அதிலும் கட்டாயம் இல்லை. என்ன நடந்தது? வெளிச்சந்தை விலை வாரியத்தின் முதல் தவணையைவிட உயர்ந்தால் எவரும் வாரியத்தின் பக்கமே வரவில்லை. விழுந்தால் எல்லாரும் வாரியத்தின் வாசலில். 1938-இல் புஷலுக்கு 80 சென்ட் என்று அறிவித்துவிட்டு, சந்தை கீழே போனதும் வாரியம் மலைபோல் கோதுமையை வாங்கி நஷ்டப்பட்டது.

விருப்பமிருந்தால் மட்டும் சேரும் கூட்டுக் கணக்கின் குறை இதுதான். விலை ஏறும்போது வெளியேறிவிட்டு விலை இறங்கும்போது உள்ளே வரலாம் என்றால், உள்ளே எப்போதும் நஷ்டம் மட்டுமே மிஞ்சும். சீட்டுப் பிடிப்பவர்களுக்கு இது புரியும். முதல் மாதமே சீட்டை எடுத்துவிட்டுத் தவணை கட்டாமல் போகலாம் என்று விட்டால், சீட்டு எத்தனை மாதம் ஓடும்?

அதற்கு மேல், கோதுமை வாரியத்துக்குச் சொந்தமாக ஒரு கிடங்குகூடக் கிடையாது, துறைமுக முனையமும் கிடையாது. எல்லாம் கார்கில், வைட்டெரா, ரிச்சர்ட்சன் போன்ற கம்பெனிகளுடையவை. கட்டாயம் இருந்தவரை அவர்கள் வாரியத்தின் கோதுமையைக் கூலிக்குக் கையாண்டார்கள். கட்டாயம் போனால் அவர்களே வாரியத்தின் போட்டியாளர்கள். போட்டியாளரின் கிடங்கில் இடம் கேட்டு வியாபாரம் செய்ய முடியுமா? ஏரிகளில் கோதுமை ஏற்ற 65 மில்லியன் டாலரில் இரண்டு கப்பல்கள் வாங்குவதாக 2011 பிப்ரவரியில் வாரியம் அறிவித்தது. தங்களைக் கேட்காமல் தங்கள் பணத்தில் கப்பலா என்று பலர் கொதித்தார்கள். எனக்கும் விநோதமாகத்தான் பட்டது. கப்பலுக்கு முன்னால் கரையில் ஒரு முனையம் வாங்கியிருக்கக் கூடாதா?

ஏகபோகத்தை வைத்துக்கொண்டே உள்ளுக்குள் இளக்கும் வழி ஒன்றும் நடப்பில் இருந்தது. 2000-க்குப் பிறகு நிலையான விலை ஒப்பந்தம், தினசரி விலை ஒப்பந்தம் என்று சிலவற்றை வாரியம் கொண்டுவந்தது. காசு சீக்கிரம் வேண்டியவருக்கு அது பாதித் தீர்வு. எல்லையோரக்காரரின் கோபம் அதில் தணியவில்லை.

நடந்தது என்ன

வாரியச் சட்டத்தின் 47.1 பிரிவு, ஒரு தானியத்தை வெளியே எடுக்கும் முன் விவசாயிகளிடம் வாக்கெடுப்பு நடத்தச் சொன்னது. வேளாண் அமைச்சர் ஜெரி ரிட்ஸ் நடத்தவில்லை. அது சட்டமீறல் என்று 2011 டிசம்பரில் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார், அடுத்த வருடம் மேல்முறையீட்டில் அது ரத்தானது. நாடாளுமன்றம் நிற்கவில்லை. 2012 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம் இல்லை. அன்றைக்கே ஹார்ப்பர், எல்லை தாண்டித் தண்டனை பெற்ற விவசாயிகளுக்கு மன்னிப்பும் அறிவித்தார்.

முதல் வருடம் விலை அருமை. பார்த்தீர்களா என்றார்கள் சுதந்திரத் தரப்பினர். ஆனால் அந்தக் கோடையில் அமெரிக்காவில் கடும் வறட்சி. விலை ஏறியதற்கு வின்னிபெக் காரணமில்லை.

இரண்டாம் வருடம்தான் சோதனை. 2013-இல் கனடா அதுவரை காணாத விளைச்சல், கோதுமை மட்டும் 37 மில்லியன் டன்னுக்கு மேல். குளிர்காலம் கடுமை, ரயில்கள் திணறின. களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தன, வயலில் தானியம் குவிந்து கிடந்தது. துறைமுகத்தில் கோதுமைக்கு நல்ல விலை, கப்பல்கள் காத்து நின்றன. ஊர்க் கிடங்கில் மட்டும் விலை பாதாளம். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் வித்தியாசத்துக்கு அங்கே ‘பேஸிஸ்’ என்று பெயர். அந்த இடைவெளி அந்த மாதங்களில் ரயில் கூலியைவிடப் பல மடங்கு விரிந்தது. 2014 மார்ச்சில் ஒவ்வொரு ரயில் கம்பெனியும் வாரத்துக்கு 5 லட்சம் டன் ஏற்றியே ஆக வேண்டும் என்று, கட்டாயம் கூடாது என்று சொன்ன அதே அரசு ஆணை போட வேண்டி வந்தது.

வாரியம் இருந்திருந்தால் ரயில் வேகமாக ஓடியிருக்குமா? ஓடியிருக்காது, பனி யாருக்கும் பனிதான். ஆனால் அந்த இடைவெளிப் பணம் எங்கே போனது? தானிய ஏற்றுமதியில் ரயில்களின் வருமானத்துக்கு 2000 முதல் சட்டப்படி உச்சவரம்பு உண்டு, ஆகவே அவர்களுக்குப் போகவில்லை. மலிவாக வாங்கித் துறைமுகத்தில் நல்ல விலைக்கு விற்ற கிடங்குக் கம்பெனிகளிடம் தங்கியது. பழைய ஏற்பாட்டில் துறைமுக விலை கூட்டுக் கணக்கில் விழுந்து, தாமதமாகவாவது விவசாயிக்கு வந்திருக்கும். என்னை வாரியத்தின் பக்கம் சாய்த்தது 1996 ஆய்வுகள் அல்ல, இந்த ஒரு குளிர்காலம்தான்.

கட்டாயம் போன வாரியம் மூன்று வருடம் தள்ளாடியது. 2015-இல் அதன் 50.1 சதவீதப் பங்கு 250 மில்லியன் டாலருக்கு, பங்கி என்ற தானிய வியாபாரக் கம்பெனியும் சவுதி அரேபிய அரசின் வேளாண் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்த கூட்டணிக்குப் போனது. பெயர் ஜி3 ஆனது. சமவெளியில் புதிய கிடங்குகளும் வான்கூவரில் புதிய துறைமுக முனையமும் கட்டினார்கள். வாரியம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

ஆஸ்திரேலியாவில் இதே நாடகம் கனடாவுக்கு நான்கு வருடம் முன்னால் நடந்தது. அங்கே ஏகபோகத்தைக் கவிழ்த்தது, அதைக் கையில் வைத்திருந்த கம்பெனியின் ஊழல். ஐ.நா.வின் எண்ணெய்க்கு உணவுத் திட்டத்தில் சதாம் உசேன் அரசுக்குச் சுமார் 290 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் மறைமுகமாகப் போனது 2006-இல் கோல் விசாரணையில் அம்பலமானது. 2008 ஜூலையில் ஏகபோகம் முடிந்தது. ஆனால் மேற்கு ஆஸ்திரேலிய விவசாயிக்குப் பெரிய அடி விழவில்லை. அங்கே 1933-இல் தொடங்கிய சிபிஹெச் என்ற கூட்டுறவின் கையில் கிடங்குகளும் துறைமுக முனையங்களும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அதைப் பங்கு நிறுவனமாக்கும் யோசனை 2016-இல் வந்து நிராகரிக்கப்பட்டது. கட்டாயம் போன மறுநாள் அங்கே விவசாயி தன் கிடங்குக்கே லாரி ஓட்டினார். சஸ்காட்செவன்காரர் அடுத்தவன் கிடங்குக்கு ஓட்டினார்.

என் சீட்டு

பார்லியில் ‘போகட்டும்’ என்று போட்டிருப்பேன். தீவன பார்லியின் உள்நாட்டுச் சந்தை எழுபதுகளிலேயே திறந்துவிட்டது. லெத்பிரிட்ஜ் சுற்றுவட்டார மாட்டுப் பண்ணைகள் பக்கத்திலேயே வாங்குகின்றன. பீருக்குப் போகும் மால்ட் பார்லிக்கும் வாங்குபவர் யார், என்ன தரம் கேட்கிறார் என்று விவசாயிக்கே தெரியும். நடுவில் வின்னிபெக் எதற்கு?

கோதுமையில் ‘இருக்கட்டும்’. என்றென்றைக்கும் இல்லை. பைபேக்கை அன்றைக்கே எடுத்துவிட்டு, அடுத்த பத்து வருடத்தில் கிடங்கும் துறைமுக முனையமும் வாங்கிய பிறகு கட்டாயத்தைத் தளர்த்தலாம் என்ற நிபந்தனையோடு. அப்படி ஒரு கட்டம் சீட்டில் இல்லை, எனக்குத் தெரியும்.

என் நிலம் ரயில் பாதையிலிருந்து தள்ளி, ஒரே ஒரு கிடங்கு எட்டும் தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. வெய்பர்னுக்குத் தெற்கே, எல்லையிலிருந்து அரை மணி தூரத்தில் டியூரம் போடுபவர் வேறு பக்கம் டிக் போட்டிருப்பார். 2014 பிப்ரவரியில் அவரால் லாரியைத் தெற்கே திருப்ப முடிந்திருக்கும். வடக்கே இருந்தவரால் முடிந்திருக்காது.